குப்பாயியைத் திட்டும் வேலை

பள்ளிக்கூடம் விட்டு வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினால், ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்து, நான் மிதித்துவிட்டு வந்த இடத்து மண்ணை வழித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வெள்ளையம்மா. என் அஞ்சாம் வகுப்பில் படித்த குப்பாயியின் தாயார். குப்பாயி காய்ச்சல் என்று சில நாட்களாகப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கடல் கடந்து நியூஸிலாந்து வரை போய்ப் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டு வந்தவள் அல்லவா நான்? காலடி மண்ணைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவுக்கு ஜனங்களுக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சில தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தடம் நன்றாக விழும்படி அழுத்தி மிதித்து நடந்தேன்.

படிக்கும்போதே உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஏன் புரியவில்லை என்று சொல்ல, இந்தத் தொடரில் போன வாரம் என்னைக் கப்பலில் விட்ட இடத்துக்குச் சற்று முன்னால் போய்விட்டு வர வேண்டும்.

ஆள் கிடைக்காமல் போனவள்

ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடம் ஓட்டுக்கட்டடம், வாத்தியார்கள் மொத்தம் ஐந்து பேர். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் புது முறைகளைக் கற்றுவரச் செய்யும் திட்டம் ஒன்று இருப்பதாக மேலிடத்திலிருந்து தாள் வந்தது. தலைமையாசிரியர் காசிம் சார் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஒருவருக்கு மனைவி முழுகாமல் இருந்தாள். ஒருவருக்கு ஜாதகத்தில் ஜலகண்டம். இன்னொருவர், அந்த ஊரில் குளிக்காமல் இருக்கலாமா என்று மட்டும் விசாரித்தார்.

காசிம் சார் கோட்டைப்பட்டினத்துக்காரர். "கடல் எனக்கொண்ணும் புதுசு இல்லம்மா. என் இங்கிலீஷுதான் பாதி வழியில கரை தட்டிரும்," என்று சொல்லித் தாளை என் பக்கம் நகர்த்தினார். என் அப்பா புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் படித்துக் கழித்த இங்கிலீஷ் பேப்பர்களில்தான் நான் வளர்ந்தேன். இப்படியாக, போவதற்கு ஆள் கிடைக்காத ஒரே காரணத்தால் நான் தேர்வானேன்.

கல்யாணமாகாத பெண் கப்பலேறுவதா என்று உறவுக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அம்மா மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. புறப்படுகிற அன்று உப்பும் மிளகாயும் கொண்டுவந்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி அடிக்கவே இல்லை, அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்றாள். ஆகவே திருஷ்டி என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை நான். அது வீட்டு அடுப்போடு முடிந்துபோகிற சமாசாரம், பள்ளிக்கூடத்துக்குள் வராது என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மிஸ் பார்லோ சொன்ன வார்த்தை

அங்கே எனக்கு வாய்த்த ஆசிரியை மிஸ் பார்லோ. நெடுநெடுவென்று உயரம். ஆனால் பாதி நேரம் தரையில் பிள்ளைகளோடு சப்பணம் கொட்டி உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் பிள்ளைகள் தரையிலும் வாத்தியார் நாற்காலியிலும் இருப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு நாற்காலி உண்டு, வாத்தியாருக்குத் தரை. இதற்காகவா கப்பல் ஏற்றினார்கள் என்று முதல் வாரம் எனக்கு ஒரே எரிச்சல்.

அந்த அம்மாள் எதைப் பார்த்தாலும் லவ்லி என்பார். ஒரு பையன் குதிரை என்று சொல்லி உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றை வரைந்து நீட்டுவான். லவ்லி. ஒரு பெண் கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஏன் தப்பாயிற்று என்று விளக்குவாள். அதற்கும் லவ்லி. அடி கிடையாது, திட்டு கிடையாது. செய்த நல்லதைப் பெயர் சொல்லி எல்லோர் முன்னாலும் பாராட்ட வேண்டும், அதுதான் முறை. சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் வெள்ளி நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கும்.

எனக்கு இது நாடகம் மாதிரிதான் இருந்தது. ஒருநாள் என்னையே பாடம் நடத்தச் சொன்னார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுங்கும் இங்கிலீஷில், தென்னை மரத்தில் ஏறாமலே நிழலை வைத்து அதன் உயரத்தைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே தென்னை ஏது? கொடிக்கம்பத்தைத்தான் அளந்தோம். முடிந்ததும் மிஸ் பார்லோ என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை அழகான பாடத்தைத் தான் பார்த்ததில்லை என்றார்.

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வாழ்நாளில் அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தபோதும் அம்மா, "போய்ப் பாத்திரத்தைத் தேய்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். இந்தச் சந்தோஷத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே தீர்வது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஜிகினா நட்சத்திரம்

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பிரம்புகளை எல்லாம் ஓட்டுக்கு அடியில் செருகச் சொன்னேன். காசிம் சார் நல்ல மனுஷர், மறுக்கவில்லை. பிரம்பைச் செருகிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாதுன்னா, நாம வகுப்புல இருக்கோம்ங்கிறது புள்ளைகளுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

முதல் பாராட்டு முத்தையா என்ற பையனுக்கு. பாடத்தை வரி பிசகாமல் எழுதியிருந்தான். "முத்தையா, ரொம்ப நல்லா எழுதியிருக்கே," என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அவன் எழுந்து வந்து, பழக்கதோஷத்தில், அடி வாங்க உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

போகப் போகப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. அட்டையை வெட்டி, ஜிகினாத்தாள் ஒட்டி, நட்சத்திரம் செய்து சுவரில் ஒட்டினேன். எல்லோரையும்விட அதிக நட்சத்திரம் குப்பாயிக்கு. அவள் கணக்குப் போடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். உதட்டை மடித்துக்கொண்டு, கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடையைச் சொல்வாள். நான் சும்மா இருப்பேனா? வகுப்பில் பாராட்டினேன். வாசலில் பாராட்டினேன். கீரமங்கலம் சந்தையில் வெள்ளையம்மாவைப் பார்த்தபோது, கத்தரிக்காய் வாங்க நின்ற அத்தனை பேர் முன்னாலும், "ஒங்க மகளை மாதிரி கெட்டிக்காரப் பொண்ணு இந்தச் சுத்து வட்டாரத்துலயே கெடையாது," என்று உரக்கச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், இவ்வளவு அறிவான பெண்ணுக்கு இப்படியா பெயர் வைப்பது என்றும் கேட்டுவைத்தேன்.

வெள்ளையம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் குப்பாயிக்குக் காய்ச்சல் கண்டது. அதற்கப்புறம்தான் காலடி மண்.

மண் போன இடம்

காய்ச்சல் விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆனாலும் குப்பாயி வரவில்லை. அவளைத் தொடர்ந்து, நட்சத்திரம் வாங்கிய மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். நட்சத்திரமே வாங்காத பிள்ளைகள் மட்டும் சௌக்கியமாக வந்துகொண்டிருந்தார்கள். காசிம் சாரிடம், என்மேல் இத்தனை பக்தி வைத்திருக்கும் தாய்மார்கள் பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண் வைத்தவரின் காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு சுற்றி அடுப்பில் போடுவார்கள், தன் உம்மாகூட ஒரு காலத்தில் செய்திருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு அழுத்தி மிதித்து நடந்ததை நினைத்தேன். கோபம் தலைக்கேறியது. இந்த ஊர் உருப்படாது என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்தோடேயே வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன்.

குப்பாயி வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு தாயாரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். படிப்பை நிறுத்துவது பாவம், திருஷ்டி என்பதெல்லாம் வெறும் பயம், காய்ச்சல் கொசுவால் வருவது என்று வெளிநாட்டில் படித்தது, படிக்காதது எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளையம்மா முழுக்கக் கேட்டாள்.

"இவளுக்கு முன்னால ரெண்டு பெத்தேன் டீச்சரம்மா," என்றாள். "மூத்தது நடக்கிற அழகைப் பாத்து ஊரே மெச்சுச்சு. அடுத்தது செக்கச்செவேல்னு இருக்குன்னு ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுனாக. ரெண்டும் தங்கல. இவ பொறந்ததும் குப்பையில போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுக்க, நான் தவிட்டக் குடுத்து வாங்குனேன். பேரும் அதான் வச்சேன். யாரு கண்ணும் படாம இத்தன வருஷம் காப்பாத்திட்டேன். நீங்க செவுத்துல நட்சத்திரம் ஒட்டி ஊருக்குக் காட்டுறீங்க."

வரும்போது இருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பாத்திரத்தைத் தேய்க்கச் சொன்ன என் அம்மாவின் முகம்தான் கண்முன்னால் வந்து நின்றது. எனக்கு முன்னால் அவளுக்கும் ஒன்று பிறந்து தங்காமல் போயிருந்தது.

"அப்ப நான் என்னக்கா செய்யணும்?" என்று கேட்டேன்.

"திட்டுங்க. நாலு பேருக்குக் கேக்குற மாதிரி தெனம் திட்டுங்க. அனுப்புறேன்."

எப்படித் திட்டுவது என்று கேட்டேன். எனக்குக் கோபம் வருமே தவிர, மிஸ் பார்லோவிடம் இருந்து வந்தபின் வாயில் வார்த்தை வருவதில்லை. வெள்ளையம்மா உடனே செய்து காட்டினாள். மூதேவி, தரித்திரம், உன் மூஞ்சிக்குப் படிப்பு ஒரு கேடா என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் போனாள். அவள் கை அந்த நேரமெல்லாம் குப்பாயியின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தது.

மாற்றியமைக்கப்பட்ட முறை

என் ஆரம்பத் திட்டுகள் படுமோசம். "குப்பாயி, நீ கொஞ்சங்கூடச் சரியில்லை," என்றேன். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த வெள்ளையம்மா தலையை ஆட்டினாள், போதாது என்று. பிறகு இடைவேளைகளில் காசிம் சார் எனக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய சர்வீஸ் முழுவதும் சேர்ந்திருந்த திட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டினார். பிரம்பைச் செருகிய நாளிலிருந்து வாடிக்கிடந்த மனுஷர் முகத்தில் களை வந்துவிட்டது.

நாளடைவில் எனக்கும் அது கைவந்தது. "கழுதை, பின்னக் கணக்கை ஒரு தப்பு இல்லாமப் போட்டு வச்சிருக்கியே, வெக்கமா இல்லை?" என்பேன். பாராட்டு உள்ளே இருக்கும், திட்டு மேலே போர்த்தியிருக்கும். நட்சத்திரங்களையும் கிழிக்கவில்லை, ஒவ்வொன்றின் நடுவிலும் கண்மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். நின்றுபோன பெண்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வாசலில் மண் எடுப்பதும் நின்றது.

பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. கணக்கு சரியாகப் போட்டால்தான் திட்டு கிடைக்கும். முத்தையா ஒருநாள் கண்ணில் தண்ணீரோடு வந்து நின்றான்.

"பதினாறாம் வாய்ப்பாடு முழுசும் ஒப்பிச்சேன் டீச்சர். குப்பாயியைத் திட்டுறீங்க, என்னையத் திட்ட மாட்டேங்குறீங்க," என்றான். அவனை நாயே பேயே என்று திட்டி அனுப்பிய பிறகுதான் சமாதானமானான்.

இதை எல்லாம் மிஸ் பார்லோவுக்கு எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்துக்கு மேல் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார்

வெளிநாட்டுப் பயிற்சி எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. அன்று மட்டும் யாரையும் திட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். குப்பாயியைப் பற்றி நல்லதும் பேசுவதில்லை, கெட்டதும் பேசுவதில்லை. அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கையைத் தூக்காதே என்று சொல்லிவைத்தேன்.

ஜீப் வந்த சத்தம் கேட்டு ஊர்ப் பெண்கள் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளையம்மாவும் இருந்தாள். இன்ஸ்பெக்டர் நல்ல உயரம், பளபளவென்று பூட்ஸ். வெளியே நின்ற தென்னையைக் காட்டி, ஏறாமலே அதன் உயரத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் நடத்தியிருந்த பாடம்தான், ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. குப்பாயி உதட்டை மடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அடுத்த நிமிஷம் அவள் எழுந்து வெளியே ஓடி, ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்துவிட்டு உள்ளே வந்து, குச்சிக்கு இவ்வளவு நிழல் என்றால் மரத்துக்கு எவ்வளவு என்று விளக்கிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பிரமாதம். இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை. இவள் பெரிய இன்ஜினீயராக வரப்போகிறாள், பாருங்கள்," என்று ஜன்னலைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

ஜன்னலில் வெள்ளையம்மாவின் முகம் வெளுத்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்தாள். மகளை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள், போனால் இனி அனுப்பமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் எதிரில் திட்டவும் முடியாது.

முத்தையா எழுந்தான். "இல்ல சார். அது கழுதை சார்."

"சரியான மண்டு சார்," என்றாள் இன்னொரு பெண்.

"ஆடுகூட ஒழுங்கா ஓட்டத் தெரியாது சார்."

"எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுகும் சார்."

வகுப்பே எழுந்துவிட்டது. ஆளுக்கொரு திட்டு. காசிம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் பங்குக்கு, பெயரே குப்பாயி, பெரிதாக ஒன்றும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று பணிவாகத் தெரிவித்தார். இன்ஸ்பெக்டர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். வாங்கிய பயிற்சி, நல்ல பெயர் எல்லாம் போகட்டும் என்று, "உண்மைதான் சார். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை," என்றேன். வெள்ளையம்மா வாசற்படியில் நின்றுவிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு மனசு கேட்கவில்லை. குப்பாயியை அருகில் அழைத்து, உனக்கு வருத்தமாக இல்லையா அம்மா என்று கேட்டார். அவள் முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னைக்குத்தான் சார் எல்லாரும் சேந்து திட்டியிருக்காங்க," என்றாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒளிவுமறைவில்லாமல் மதிப்பிடவும், மதிப்பீட்டை மலர்ந்த முகத்தோடு ஏற்கவும் பழக்கும் அபூர்வமான அயல்நாட்டு முறை இப்பள்ளியில் கையாளப்படுகிறது என்று அவர் எழுதிவிட்டுப் போனார். ஜீப் கிளம்பியதும் வெள்ளையம்மா போய் அவர் காலடி மண்ணை எடுத்தாள். பூட்ஸ் தடம் அச்சாக விழுந்திருந்ததால் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில்

அஞ்சாம் வகுப்போடு எங்கள் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அந்த இன்ஸ்பெக்டரே முயற்சி எடுத்து, புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பும், ஹாஸ்டலில் இடமும் வாங்கிக்கொடுத்தார். வெள்ளையம்மாவைச் சம்மதிக்கவைக்க நான் நடந்த நடை கொஞ்சமில்லை. கடைசியில் சரி என்றாள்.

பள்ளி திறக்கிற சமயம், கீரமங்கலத்தில் பஸ் ஏற்றிவிடப் போனோம். குப்பாயி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தகரப்பெட்டியை உள்ளே தூக்கிக் கொடுத்த வெள்ளையம்மா, சட்டென்று அதைத் திரும்ப இழுத்துத் தரையில் வைத்துவிட்டாள்.

"அங்கிட்டுப் போனா எல்லாரும் இவளை மெச்சத்தான் போறாக. திட்டுறதுக்கு யாரு இருக்கா டீச்சரம்மா?" என்றாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொல்லியும் அவள் பெட்டியை விடவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு தடவ திட்டி அனுப்புங்க. ரொம்ப நாளைக்குத் தாங்குற மாதிரி திட்டுங்க," என்றாள்.

காசிம் சார் சொல்லிக்கொடுத்த ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஜன்னலில் குப்பாயி காத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மூதேவி என்றேன். தரித்திரம், தவிட்டுக்கு வாங்கினவளே, ஒன் மூஞ்சிக்கு ஹாஸ்டல் ஒரு கேடா, நீ எங்கே உருப்படப் போறே என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். வெள்ளையம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு பெட்டியைத் தூக்கி மகள் மடியில் வைத்தாள்.

"ஊருக்குப் போற புள்ளையப் போயி இப்படியா பேசுவீங்க? நீங்கள்லாம் ஒரு டீச்சரா?" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் நகர்ந்தது. குப்பாயி தலையை வெளியே நீட்டி, "போதும் டீச்சர்," என்றாள்.

"போதாது, இன்னும் ரெண்டு சொல்லுங்க," என்று வெள்ளையம்மா என் முதுகைத் தள்ளினாள். ஆலங்குடி ரோட்டில் பஸ் மறைகிற வரைக்கும், வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.